காகப் பக்கம், கழுகுப் பக்கம்

நான்காம் வகுப்பில் என் கைக்கு வந்த சீட்டில் குதிரை இல்லை.

ஜெர்மன் பிள்ளைகளுக்கு அமெரிக்கப் பழங்குடிகள் மீது ஒரு தனிப் பைத்தியம் உண்டு. மாசி மாதத்தில் வேடம் போடும் நாட்களில் ஸ்டுட்கார்ட் தெருக்களில் பாதிப் பிள்ளைகள் தலையில் இறகு செருகிக்கொண்டு திரிவார்கள். ஆகவே எங்கள் ஆசிரியை, "ஆளுக்கொரு பழங்குடி, ஆளுக்குப் பத்து நிமிட ரெஃபராட்" என்று அறிவித்ததும் வகுப்பே துள்ளியது. ரெஃபராட் என்றால் எல்லாருக்கும் முன்னால் நின்று, படம் ஒட்டிய பெரிய அட்டையைக் காட்டிப் பேசுவது. சீட்டுக் குலுக்கினார்கள். பக்கத்து மேசைக்காரிக்குக் குதிரை, கூடாரம், எருமை வேட்டை எல்லாம் உள்ள கூட்டம் கிடைத்தது. என் சீட்டில் "ஹைடா" என்று மட்டும் எழுதியிருந்தது.

"அவர்களிடம் குதிரை இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இல்லை. தீவில் இருப்பவர்கள். நிறைய மழை இருக்கிறது" என்றார் ஆசிரியை.

வீட்டுக்கு வந்து அழுதேன். அப்பா உணவகம் ஒன்றில் சமையல்காரர். மதிய வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். மன்னார்க் கரையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு மீன்பிடி வள்ளத்தில் ஏறியவர் அவர். கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "மழை இருந்தா மீன் இருக்கும். மீன் பிடிக்கிற சனம் கெட்டிக்காரச் சனம். போய்ப் படி பிள்ளை."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது எனக்கு அடக்கம் வருவதில்லை; வரவேண்டும் என்றும் நினைக்கவில்லை. பத்து வயதிலேயே வீட்டில் எனக்கு ஒரு அதிகாரம் வந்துவிட்டிருந்தது. அலுவலகக் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். மருத்துவரிடம் அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது என்பதை நான்தான் விளக்குவேன். பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த அதிகாரத்தை நான் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்தினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்த வசந்தத்தில் வீட்டில் என் ரெஃபராட்டைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்துகொண்டிருந்தது. சித்தியின் கலியாணம். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. நான் முதலாம் வகுப்பில் இருந்தபோது ஊரிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர். ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். கனடாவில் இருந்து ஒரு மாப்பிள்ளையின் படம் வந்திருந்தது. மாப்பிள்ளையின் அக்கா டோர்ட்முண்டில் இருந்தார். என் தம்பி தேவாலயத்தில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் முதல் நன்மை விருந்துக்கு அவர் வந்து சித்தியைப் பார்ப்பார், பிடித்துவிட்டால் ஆடிக்கு முன்னால் சித்தி விமானம் ஏறிவிடுவார் என்று பேச்சு. சித்தியிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டார்கள். "அக்கா சொன்னாச் சரி" என்றார் சித்தி. அதைச் சொல்லிவிட்டுப் போய் ஏற்கெனவே கழுவிய கோப்பைகளை எல்லாம் திரும்பவும் கழுவினார். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

நூலகத்துக்கு என்னை அழைத்துப் போனது வான் மாமா. எங்கள் வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் அவர் பேக்கரி ஒன்றின் வான் வண்டியை ஓட்டியதால் அந்தப் பெயர். சனிக்கிழமைகளில் மிஞ்சிய கசகசா பணிஸ் ரொட்டிகளை ஒரு பையில் கொண்டுவருவார். சித்திக்குக் கசகசா பணிஸ் பிடிக்கும். சித்தியும் எங்களோடு நூலகத்துக்கு வருவார், நான் கனமான புத்தகம் எடுத்தால் தூக்குவதற்கு. வானில் நான் நடுவில் இருப்பேன். இரண்டு பேரும் என்னோடு மட்டும்தான் பேசுவார்கள். ரெஃபராட்டுக்குத் தயாரான அந்த இரண்டு வாரங்களில் என்னைப்போல் முக்கியமான ஆள் அந்த வானில் வேறு யாரும் இல்லை என்று நான் நம்பினேன்.

முதல் புத்தகத்தைத் திறந்த அன்றே குதிரையை மறந்துவிட்டேன். பசிபிக் கடலில் கனடாவின் கரையில் இருந்து விலகி, யாரும் எளிதில் போகாத தூரத்தில் ஒரு தீவுக் கூட்டம். எங்கள் அட்லஸில் அப்போது அதற்கு ஓர் ஆங்கில அரசியின் பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரைக் கழற்றிவிட்டு 'ஹைடா குவாய்', ஹைடாக்களின் தீவுகள், என்று போட்டது சில ஆண்டுகள் கழித்து. ஆனால் என் புத்தகத்தில் ஹைடா குவாய் என்ற பெயர் அப்போதே அடைப்புக்குறிக்குள் இருந்தது. நான் என் அட்டையில் அடைப்புக்குறியை அரசிக்குக் கொடுத்தேன்.

அந்தத் தீவுகளின் கறுப்புக் கரடி மற்ற இடத்துக் கறுப்புக் கரடிகளைவிடப் பெரியதாம். மீன்கள் கடற்பாசியில் முட்டை இடுமாம். மக்கள் பாசியை முட்டையோடு எடுத்துக் காயவைத்துத் தின்பார்களாம். வீட்டு வாசலில் அந்த வீட்டார் யார் என்பதைச் சொல்லும் ஒரு முழு மரத் தூண், அடியில் இருந்து நுனிவரை முகம் முகமாகச் செதுக்கி நிற்குமாம். ஆனால் நான் வாய் பிளந்தது படகில்தான். ஒற்றைச் சிடார் மரத்தைக் குடைந்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, நெருப்பில் பழுத்த கற்களை ஒவ்வொன்றாகப் போடுவார்கள். தண்ணீர் கொதித்து ஆவி கிளம்ப, மரம் இளகி, இரண்டு பக்கமும் பூ மாதிரி விரியும். அந்தப் படகில் அறுபது பேர் கடல் கடப்பார்கள்!

"அப்பா! மரத்தை அவிச்சுப் படகு செய்யிறவையாம்!" என்று சமையலறைக்கு ஓடினேன்.

அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "எத்தினை பாகம் நீளம்?" என்று கேட்டார். பாகம் என்பது கடலோடிகள் இரண்டு கையையும் விரித்து அளக்கும் அளவு. என் படிப்பைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தெரியவில்லை. திரும்பவும் நூலகத்துக்குப் போனோம், மூன்று பேரும்.

மாதிரிப் படகு ஒன்று செய்தே தீருவது என்று முடிவானது. வான் மாமா கடைக்கு ஆரஞ்சு வரும் தோடம்பழப் பெட்டியில் இருந்து மெல்லிய பலகைகளை உடைத்துக் கொண்டுவந்தார். சித்தி அவற்றைப் பிட்டுப் பானையின் மேல் வைத்து மூடி அவித்தார். பலகை உண்மையாகவே இளகியது! சித்தி வளைக்க, வான் மாமா பிடிக்க, நான் நூலால் கட்டினேன். இரண்டு பேருக்கும் விரல் சுட்டது. இரண்டு பேரும் சிரித்தார்கள். சித்தி அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. வேலை முடிந்து வந்த அம்மா வாசலில் நின்று பார்த்தார்.

"பிட்டு அவிக்கிற பானையில கப்பலோ அவிக்கிறியள்?"

"பள்ளிக்கூடத்துக்கு அம்மா" என்றேன். அம்மா வாயை மூடிக்கொண்டார். அடுத்த நாள் பிட்டில் தோடம்பழப் பெட்டி மணத்தது.

மூன்றாவது புத்தகத்தில்தான் அந்த விதி இருந்தது. ஹைடா மக்கள் எல்லாரும் இரண்டு பக்கம்: ஒன்று அண்டங்காகம், மற்றது கழுகு. பிள்ளைகள் தாயின் பக்கம். தாய் காகம் என்றால் பிள்ளைகளும் காகம். காகம் காகத்தைக் கட்டக்கூடாது, கழுகு கழுகைக் கட்டக்கூடாது. ஒரே பக்கம் என்றால் சகோதரம். கப்பல்களில் வந்த வெள்ளைக்காரரோடு அம்மை நோய் வந்து, ஊர் ஊராகச் செத்து, மிஞ்சியவர்கள் இரண்டே ஊர்களில் ஒதுங்கிய காலத்திலும் அந்த விதியை அவர்கள் விடவில்லையாம்.

என் ஜெர்மன் தோழிகள் இதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார்கள். அவர்களுக்கு மாமா பிள்ளை, சித்தி பிள்ளை எல்லாரும் ஒரே 'கூசின்'தான். எனக்கோ அது கையைப் பிடித்துக் காட்டிய மாதிரித் தெளிவாக இருந்தது. எங்கள் முறையில் பெரியம்மா, சித்தி பிள்ளைகள் சகோதரம். மாமாவின் பிள்ளைகள் மச்சான், மச்சாள். ஏன்? அம்மாவும் சித்தியும் காகம் என்றால் அவர்கள் பிள்ளைகளும் காகம், ஒரே பக்கம். மாமாவும் காகம்தான், ஆனால் அவர் கழுகைத்தானே கட்டியிருப்பார்? அவர் பிள்ளைகள் கழுகு, மறுபக்கம்! அப்பாவின் அண்ணன் பிள்ளைகளைப் போட்டுப் பார்த்தேன். சரி. அப்பாவின் தங்கை பிள்ளைகள். அதுவும் சரி. உலகத்தின் அந்தக் கோடியில் மழையில் நனைந்துகொண்டிருக்கும் ஒரு சனம் எங்கள் முறையை வைத்திருக்கிறது! கட்டிலில் ஏறிக் குதித்தேன். வகுப்பில் இருபத்தாறு பேரில் இதை விளக்க என் ஒருத்தியால் மட்டும்தான் முடியும் என்பது தெரிந்தது. இன்னும் இரண்டு தரம் குதித்தேன்.

செவ்வாய்க்கிழமை ரெஃபராட். அதற்கு முந்திய ஞாயிறு தம்பியின் முதல் நன்மை விருந்து. விருந்திலேயே ஒத்திகை பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். சித்தி அழகாகப் படம் வரைவார். காகமும் கழுகும் வரைந்து தந்தார். நான் வெட்டி ஊசி குத்திச் சட்டையில் மாட்டும் அட்டைகள் செய்தேன். ரெஃபராட்டின் பெரிய அட்டையையும் புத்தகத்தையும்கூட விருந்துக்குக் கொண்டுபோனேன்.

தேவாலயத்து மண்டபத்தில் மதியச் சாப்பாடு. வெள்ளை உடுப்பில் தம்பி மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவனுக்குத்தான் முதல் காகம் குத்தினேன். பிறகு அம்மாவுக்கு.

"காகமோ? நான் என்ன காகமோடி?"

"பள்ளிக்கூடத்துக்கு அம்மா."

அம்மா சேலையில் குத்தவிட்டார். அப்பாவுக்குக் கழுகு. அவர் பிரியாணிச் சட்டிக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். சித்திக்குக் காகம். மாப்பிள்ளையின் டோர்ட்முண்டு அக்கா முன் வரிசையில் இருந்தார். பட்டுச் சேலை, கண்ணாடி, நிதானமான முகம். சித்தியின் இளநீலச் சேலையில் கரிய காகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சித்தி மெல்லக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார். நான் டோர்ட்முண்டு அக்காவுக்கே விதியை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டு, "கெட்டிக்காரப் பிள்ளை" என்றார். அதற்குப் பிறகு என்னை நிறுத்த யாராலும் முடிந்திருக்காது.

அப்போதுதான் வான் மாமா இரண்டு கையிலும் ரோல்ஸ் பலகாரத் தட்டுகளோடு உள்ளே வந்தார். நான் ஒரு கையில் காகமும் மறு கையில் கழுகுமாக அவர் முன்னால் போய் நின்றேன். இவருக்கு எது?

"அம்மா! வான் மாமா உங்கட கூடப் பிறந்த தம்பியோ?"

"கூடப் பிறந்தால்தானோ? தம்பி மாதிரித்தான். காகத்தைக் குத்து" என்றார் அம்மா, சற்று அவசரமாக.

"அப்பா?"

அப்பா சட்டிக்குள் குனிந்திருந்தார். "என்ன மாதிரி? அவன் என்ர தம்பியெல்லோ. ஹைமில ஒரே அறை, ஒரே சட்டி. அம்மா வர முந்தியே."

ஹைம் என்பது அகதிகளை வைத்திருந்த விடுதி. எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. நான் மிகச் சிறியவளாக இருந்தபோது இவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டேன்! சித்தி வந்து இறங்கிய கிழமையில்தான், "இனி மாமா எண்டு கூப்பிடோணும்" என்று அம்மா மாற்றினார். கலியாணம் ஆகாத ஓர் ஆண் வந்துபோகும் வீட்டில் கலியாணம் ஆகாத தங்கை இருந்தால், ஊர் வாயை அடைக்க அவர்களைச் சகோதரமாக்கும் ஒரு முறை சொல்லி வைக்கவேண்டும் என்பது பத்து வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓர் ஆராய்ச்சிப் பிழை நடந்திருக்கிறது, அதை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

"அப்ப முதல் நீங்கள் சித்தப்பாதானே!" என்று மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னேன். "சித்தி வந்தாப் பிறகுதான் அம்மா மாத்தினவ. முதல் எடுத்த பக்கம்தான் சரி. நீங்கள் கழுகு!" தட்டுகளோடு அசையமுடியாமல் நின்றவரின் சட்டையில் கழுகைக் குத்தினேன். பிறகு, விளக்கம் முழுமையாக இருக்கவேண்டும் என்பதற்காக, திரும்பிச் சபையைப் பார்த்துச் சொன்னேன்: "காகமா இருந்தா இவர் சித்திக்குச் சகோதரம், கட்ட ஏலாது. இப்ப கழுகு. இப்ப கட்டலாம்!"

பின் வரிசையில் யாரோ ஒருவர் சிரித்து, உடனே இருமலாக மாற்றினார். சித்தியின் முகத்தைப் பார்த்தேன். நான் அவரிடம் எதையோ பிடுங்கிக்கொண்டது போலவும் எதையோ கொடுத்தது போலவும் ஒரு முகம். எழுந்து சமையலறைக்குள் போனார்.

டோர்ட்முண்டு அக்கா அம்மாவைப் பார்க்கவில்லை. சித்தி போன கதவைத்தான் பார்த்தார். அதன் பிறகு தட்டோடு நின்ற மனிதரைப் பார்த்தார். கேக் வெட்டுவதற்கு முன் புறப்பட்டார். வாசலில் அம்மாவின் கையைப் பிடித்து, "உங்களில கோவமில்லை தங்கச்சி. பிள்ளைக்கு மனசு எங்க எண்டு ஒருக்கா வடிவாக் கேட்டுப்போட்டு எனக்குச் சொல்லுங்கோ" என்றார். என் கன்னத்தையும் தட்டிவிட்டுப் போனார். என் ரெஃபராட் அவருக்குப் பிடித்திருந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

சனம் கலைந்ததும் அம்மா வெடித்தார்.

"சபையில மானத்தை வாங்கிப்போட்டாள்! இஞ்சருங்கோ, கேட்டுக்கொண்டுதானே நிக்கிறியள்? மூண்டு வருசமா நான் ஊர் வாயை மூடி வச்சிருக்கிறன், இவள் ஊசி குத்தித் திறந்துவிட்டிட்டாள்!" யார் எந்தப் பக்கம் என்று நான் பெயர் எழுதிவைத்திருந்த ரெஃபராட் அட்டையை நீட்டினார். "மாத்தடி. அவனைக் காகத்தில போடு. செவ்வாய்க்கிழமை இதைப் பள்ளிக்கூடத்தில ஊருக்கெல்லாம் காட்டப்போறியோ?"

"ஏலாது அம்மா."

"என்ன ஏலாது?"

"பள்ளிக்கூடத்துக்குப் பிழையா எழுத ஏலாது!" அழுகை வந்துவிட்டது. மதிப்பெண் போய்விடும் என்ற பயம்தான், வேறெதுவும் இல்லை.

அப்பா சட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். அம்மாவைப் பார்த்தார். பானைகளை வானில் ஏற்றுவதற்காக உள்ளே வந்து, கதவடியிலேயே நின்றுவிட்ட வான் மாமாவைப் பார்த்தார். துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டிருந்த சித்தியையும் பார்த்தார்.

"பள்ளிக்கூடத்துக்குப் பிழையா எழுதக்கூடாதுதான்" என்றார். "புத்தகத்தை எடு பிள்ளை. அந்தத் தீவில, ஒரு பக்கமும் இல்லாத வெளியாள் ஒருத்தன் வந்தா என்ன செய்யிறவை?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினேன். இருந்தது! ஜெர்மனில் வாசித்துத் தமிழில் சொன்னேன்: "வெளியாள் ஒருவர் அங்க கலியாணம் கட்டவேணுமெண்டா, கட்டப்போற ஆளின்ர மறுபக்கத்தில அவரைத் தங்கட குடும்பத்தில ஒருத்தரா எடுப்பினம். சபை கூட்டி எல்லாருக்கும் முன்னால சொல்லுவினம்."

"ஆர் எடுக்கிறது?"

"அந்தப் பக்கத்தில பெரியவை."

அப்பா கைகளைத் துடைத்துக்கொண்டார். "இஞ்ச கழுகுப் பக்கத்தில ஆர் பெரியவர்?"

நான் அட்டையைப் பார்த்து எண்ணினேன். காகத்தில் நாலு பேர். கழுகில், ஸ்டுட்கார்ட்டில், அவரையும் இப்போதுதான் வந்த வான் மாமாவையும் தவிர ஒருவருமில்லை. "நீங்கள்தான் அப்பா."

"அப்ப நான் எடுத்தாச்சு. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி எடுத்தது. சபையிலயும் பிள்ளை சொல்லியாச்சு." வான் மாமாவின் பக்கம் திரும்பினார். "என்ன தம்பி, உனக்கு ஆட்சேபணை இருக்கோ?"

"இல்லை அண்ணை" என்றார் வான் மாமா. சட்டையில் கழுகு இன்னும் குத்தியபடியே இருந்தது. அத்தனை நேரமும் அவர் அதைக் கழற்றவில்லை.

"அப்ப சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்றார் அம்மா. கோபம் இருந்தது, ஆனால் கேள்வியும் இருந்தது.

"பள்ளிக்கூடத்தில அப்பிடித்தான் எழுதியிருக்கெண்டு சொல்லு."

அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தார். சித்தியின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடி" என்றார். சித்தி மேசைத் துணியை மடித்து வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

எனக்குப் பெரிய நிம்மதி. அட்டை தப்பியது. செவ்வாய்க்கிழமை எனக்கு ஒன்று கிடைக்கும். ஜெர்மனியில் ஒன்று என்பதுதான் மிகச் சிறந்த மதிப்பெண். பெரியவர்கள் எல்லாரும் பசிபிக் கடலில் இருக்கும் ஒரு சனத்தின் வழக்கத்தைப் பற்றி இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில் எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் அவ்வளவு நன்றாக விளக்கியிருக்கிறேன்!

"அந்த இடத்தை இன்னொருக்கா வாசி ராசாத்தி" என்றார் சித்தி. கண் நிறைந்திருந்தது.

என் மொழிபெயர்ப்பில்தான் ஏதோ விளங்கவில்லை என்று நினைத்தேன். ஆகவே விரலை வரிக்குக் கீழே வைத்து, முன்பைவிட மெதுவாக, முன்பைவிடச் சத்தமாக, ஒவ்வொரு சொல்லாக அவருக்கு வாசித்துக் காட்டினேன்.